வண்டியை ஆளுக்கேற்ப மாற்றியவர்கள்

(வெள்ளிவிழாவின் இரண்டாம் நாள் கல்வி அரங்கில் அரசு உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர் ஆற்றிய உரை)

     

எனக்கு அளிக்கப்பட்ட தலைப்பு 'விளையாட்டும் கல்வியும்' என்பதாகும். உடல் உறுதி வேண்டும், மன உறுதி வேண்டும் என்று பொதுவாகப் பேசி அமர்ந்துவிடுவது எளிது. நான் அவ்வாறு செய்யப் போவதில்லை. 2020ஆம் ஆண்டின் கடைசி நாளில் நம் தமிழகத்தின் தென்கோடியில் வந்து முடிந்த ஒரு மிதிவண்டிப் பயணத்தைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன். அதைச் சொல்லி முடித்தபின், நம் சங்கத்தின் விதிகளைப் பற்றி ஒரு விண்ணப்பமும் வைக்கப் போகிறேன். விண்ணப்பத்தை முதலிலேயே சொன்னால் செயலாளர் அவர்கள் கைக்கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிடுவார். ஆகவே பயணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2020 நவம்பர் 19ஆம் நாள். காசுமீரத்தின் சிறீநகர். குளிர் தொடங்கிவிட்ட காலம். கொரோனாக் கொள்ளைநோயின் அச்சமும் நாட்டைவிட்டு நீங்காத காலம். அங்கிருந்து ஏறத்தாழ 30 பேர் கொண்ட ஒரு குழு மிதிவண்டிகளில் புறப்பட்டது. செல்ல வேண்டிய இடம் கன்னியாகுமரி. அக்குழுவில் ஒரு கால் இழந்தவர்கள் இருந்தார்கள். எல்லைப் பாதுகாப்புப் படையில் பணியாற்றும்போது உறுப்பை இழந்த வீரர்களும் இருந்தார்கள். டிசம்பர் 31ஆம் நாள் அந்தக் குழு குமரிமுனையை வந்தடைந்தது.

இப்பயணத்தை எல்லைப் பாதுகாப்புப் படையோடு சேர்ந்து நடத்தியது ஐதராபாத்தில் இயங்கும் ஆதித்ய மேத்தா அறக்கட்டளை. ஆதித்ய மேத்தா என்பவர் சாலை விபத்தில் ஒரு காலை இழந்தவர். அதன் பிறகே மிதிவண்டிப் போட்டிக்கு வந்தார். 2013ஆம் ஆண்டு ஆசிய மாற்றுத்திறனாளர் மிதிவண்டிப் போட்டியில் 2 வெள்ளிப் பதக்கங்களைப் பெற்றார். பதக்கத்தைச் சுவரில் மாட்டிவிட்டு அவர் ஓய்ந்திருக்கலாம். ஆனால் தமக்குப் பயிற்சி தர ஆளில்லை, ஏற்ற கருவியில்லை, இருக்கும் கருவியோ வாங்க இயலாத விலை என்பதைத் தாமே பட்டு உணர்ந்தவர் அவர். ஆதலால் தம்மைப் போன்ற பிறருக்குப் பயிற்சி அளிக்க அந்த அறக்கட்டளையைத் தொடங்கினார். பயிற்சிக்கு நிதி திரட்டவே இத்தகைய நெடும்பயணங்கள் நடத்தப்படுகின்றன. 2024ஆம் ஆண்டு பாரிசு பாராலிம்பிக் போட்டியில் இந்தியா முதன்முறையாக மிதிவண்டிப் பந்தயத்தில் பங்குகொண்டது. அதில் ஓட்டிய அர்சத் சேக், சோதி கடேரியா ஆகிய இருவரும் இந்த அறக்கட்டளையில் பயிற்சி பெற்றவர்களே.

மாணவர்களே! ஆசிரியன் பேசினால் கணக்கு வராமல் இருக்காது. சிறீநகரிலிருந்து குமரிவரை அவர்கள் கடந்த தொலைவு ஏறத்தாழ 3,800 கிலோமீட்டர். புறப்பட்ட நாளையும் சேர்ந்த நாளையும் சேர்த்து எண்ணினால் 43 நாட்கள். ஓய்வு நாளே இல்லையென்று வைத்துக்கொண்டாலும் நாளொன்றுக்குச் சராசரி 88 கிலோமீட்டர் வருகிறது. மிதிகட்டை ஒரு சுற்றுச் சுற்றினால் வண்டி 5 மீட்டர் நகர்வதாகக் கொள்வோம். 3,800 கிலோமீட்டருக்கு 7,60,000 சுற்றுகள்! இறக்கத்தில் மிதிக்க வேண்டியதில்லை என்று கழித்துக்கொண்டாலும் பல இலட்சம் முறை ஒற்றைக் கால் மேலும் கீழும் சென்று வந்திருக்க வேண்டும்.

ஒற்றைக் காலால் மிதிவண்டி ஓட்டுவது எப்படி என்று உங்களில் சிலர் எண்ணலாம். இரண்டு கால் உள்ளவன் ஓட்டும்போது ஒரு கால் கீழே அழுத்துகிறது. அந்த விசையிலேயே மற்றக் கால் மேலே வந்துவிடுகிறது. இரண்டும் மாறி மாறி வேலை செய்வதால் வண்டி தடையின்றிச் செல்கிறது. ஒரு கால் இல்லாதவருக்கு வட்டத்தின் பாதி வெறுமையாகிவிடும். கீழே சென்ற மிதியை மேலே கொண்டுவர ஆள் இல்லை. அதனால் அவருடைய காலணியை மிதியோடு பிணைத்துவிடுகிறார்கள். காலணியின் அடியில் ஒரு பூட்டு; மிதியில் அதற்கேற்ற பிடி. அழுத்துவதும் அதே கால், இழுத்து மேலேற்றுவதும் அதே கால். நிறுத்தும்போது பூட்டை விடுவிக்கத் தவறினால் வண்டியோடு சாய்ந்துவிட வேண்டியதுதான். இதைக் கற்றுக்கொள்ளும்போது விழாதவர் எவரும் இருக்க மாட்டார்.

செயற்கைக் கால் அணிந்து ஓட்டுவோருக்கு வேறு தொல்லை. வெட்டுண்ட காலின் முனை செயற்கைக் காலின் குழிக்குள் அமர்ந்திருக்கும். நாள் முழுதும் மிதித்தால் அங்கே வியர்வை தேங்கும், தோல் உராயும், கொப்புளம் எழும். மறுநாள் அதே புண்ணோடு மீண்டும் ஏற வேண்டும். நெடும்பயணத்தின் உண்மையான கடுமை மலையேற்றத்தில் மட்டும் இல்லை. இந்த இரண்டாம் நாளில், மூன்றாம் நாளில், பத்தாம் நாளில் இருக்கிறது.

ஒரு கை இல்லாதவருக்கு முன்சக்கரத் தடை, பின்சக்கரத் தடை இரண்டையும் ஒரே பிடியில் இணைத்துத் தருகிறார்கள். இடுப்புக்குக் கீழ் செயலிழந்தவருக்குக் கைகளால் சுழற்றும் மூன்று சக்கர வண்டி உண்டு. அதில் இரு கைகளும் நம் கால்களைப் போல் மாறி மாறிச் செல்லாமல் ஒரே நேரத்தில் சேர்ந்து சுழலும். உடலின் நிலை குலையாமல் இருக்க அதுவே ஏற்றது. உடற்சமநிலை இல்லாதவருக்கும் மூன்று சக்கரம். பார்வையற்றவருக்கு இருவர் ஓட்டும் இரட்டை மிதிவண்டி. உலகப் போட்டிகளிலும் இந்த வேறுபாடுகளைக் கொண்டே பிரிவுகள் வகுக்கப்பட்டிருக்கின்றன.

இதிலிருந்து நான் பெற்ற பாடத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இவர்களிடம் யாரும், "நீ முயன்றால் முடியும், போ" என்று சொல்லிக் கடையில் விற்கும் வண்டியைத் தள்ளிவிடவில்லை. முதலில் வண்டியை மாற்றினார்கள். இருக்கையை, மிதியை, தடையை, கைப்பிடியை ஒவ்வோர் ஆளின் உடலுக்கும் ஏற்ப மாற்றினார்கள். அதன் பிறகே உழைப்பைக் கேட்டார்கள். நம் மேடைகளில் பல வேளைகளில் இந்த வரிசை தலைகீழாகிவிடுகிறது. வண்டியை மாற்றாமலே உழைப்பைக் கேட்கிறோம். கீழே விழுந்தவனைப் பார்த்து 'ஊக்கம் போதாது' என்கிறோம்.

இனி, குழுவாகச் செல்வதைப் பற்றி. தனியே ஓட்டுபவன் எதிர்காற்று முழுவதையும் தானே தாங்க வேண்டும். குழுவில் முன்னே செல்பவர் காற்றைத் தாங்க, பின்னே நெருங்கி வருபவருக்கு உழைப்புக் கணிசமாகக் குறைகிறது. ஒருவரே எப்போதும் முன்னே சென்றால் அவர் ஓய்ந்துவிடுவார். ஆகவே முன்னிடம் மாறிக்கொண்டே இருக்க வேண்டும். சேர்ந்து போய்ச் சேர வேண்டிய பயணத்தில், மெதுவாக வருபவர் எப்போது வந்து சேருவார் என்பதைப் பார்த்தே அன்றைய தங்குமிடத்தை வைக்க வேண்டும். கூடவே பழுது பார்ப்பவர், மாற்றுக் குழாய்கள், முதலுதவி, குடிநீர், உணவு. இவையெல்லாம் செய்தித்தாளில் படமாக வருவதில்லை. இவையின்றி எந்தக் குழுவும் ஊர் போய்ச் சேர்வதுமில்லை.

அந்த 2020ஆம் ஆண்டுக் குழுவில் தானியா தாகா என்னும் இளம்பெண் இருந்தார். மத்தியப் பிரதேசத்தின் இராசகட் மாவட்டத்தைச் சேர்ந்தவர். 2018ஆம் ஆண்டு, தேராதூனில் மேற்படிப்புப் படித்துக்கொண்டிருந்தபோது விபத்தில் வலக்காலை இழந்தார். இரண்டே ஆண்டில் ஒற்றைக் காலோடு இந்நெடும்பயணத்திற்கு வந்துவிட்டார். பாதி வழிக்கு மேல் கடந்த நிலையில் அவருடைய தந்தை காலமானார் என்னும் செய்தி வந்தது. ஊருக்குச் சென்றார். இறுதிக்கடன்கள் முடிந்தபின் திரும்பி வந்து குழுவோடு சேர்ந்துகொண்டார், குமரிமுனையை அடைந்தார். அவருடைய மனத்திண்மையைப் பாராட்டாதவர் இல்லை. நானும் பாராட்டுகிறேன். ஆனால் தலைமையாசிரியன் என்ற முறையில் என் கண் வேறொன்றையும் பார்க்கிறது. இடையில் சென்றுவிட்ட ஒருத்திக்கு, திரும்பி வந்தபோது இடம் இருந்தது! நம் பள்ளிகளில், வீட்டில் சாவு விழுந்து பதினைந்து நாள் வராத பிள்ளைக்கு அந்த இடம் எப்போதும் இருக்கிறதா? அவன் பெயர் பதிவேட்டில் இருக்கும். பாடமோ பதினைந்து நாள் முன்னே ஓடிப்போயிருக்கும்.

இரட்டை மிதிவண்டியைப் பற்றி இன்னும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இமாசலப் பிரதேசத்தின் மணாலியிலிருந்து இலடாக்கின் கார்துங் லா கணவாய்வரை 2016ஆம் ஆண்டு திவ்யான்சு கணத்ரா என்னும் பார்வையற்றவர் இத்தகைய வண்டியில் சென்றார். புனே நகரில் ஓர் அமைப்பை நிறுவி, மாற்றுத்திறன் உடையோரையும் இல்லாதோரையும் ஒன்றாக விளையாட வைப்பவர் அவர். கார்துங் லாவின் உயரம் 5,359 மீட்டர். நம் நீலகிரியின் தொட்டபெட்டா 2,637 மீட்டர். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு தொட்டபெட்டாக்களை அடுக்கினாலும் அந்த உயரத்தை எட்டா. மூச்சுக்குக் கிடைக்கும் உயிர்வளி நம் ஊரில் கிடைப்பதில் ஏறத்தாழப் பாதிதான்.

அந்த வண்டியில் முன்னே அமர்பவருக்குப் பார்வை உண்டு. அவரைக் 'கேப்டன்' என்பார்கள். திசையும் தடையும் அவர் கையில். பின்னே அமர்பவருக்கு 'ஸ்டோக்கர்' என்று பெயர். நீராவிக் கப்பலிலும் இரயிலிலும் நிலக்கரி அள்ளிப் போட்டவருக்கு வழங்கிய பெயர் அது. அதாவது, வண்டிக்கு வலிமை தருபவர். பின்னே இருப்பவர் சுமை என்று நினைத்தால் அது தவறு. இரு மிதிகளும் ஒரே சங்கிலியில் பிணைந்தவை. முன்னவர் நிறுத்தினால் பின்னவர் கால் நிற்கும். பின்னவர் ஓய்ந்தால் முன்னவர் கால் கனக்கும். முன்னவர் வாய் மூடியிருக்கவும் கூடாது. பள்ளம் வருகிறது, வளைவு வருகிறது, இப்போது நிறுத்தப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டே செல்ல வேண்டும். சொல்லாமல் திருப்பினால் பின்னவர் நிலைகுலைவார். பின்னவர் நிலைகுலைந்தால் இருவரும் வீழ்வார்கள். இந்தச் சங்கத்தில் படித்து மேலே வந்திருக்கும் இளைஞர்கள் இதைச் சற்று மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். முன்னிருக்கையில் அமர்ந்திருக்கும் நீங்கள், எங்கே திரும்பப் போகிறீர்கள் என்பதை உங்கள் தெருவுக்குச் சொல்கிறீர்களா?

நண்பர்களே! மிதிவண்டியைப் பற்றி இவ்வளவு பேச இந்த மண்டபம் ஏற்ற இடந்தானா என்று யாரும் கேட்க மாட்டீர்கள் என நம்புகிறேன். மிதிவண்டியின் வரலாறு நமக்குத் தெரிந்த அளவு பிறருக்குத் தெரியாது. என் தந்தையார் பழைய வண்டி ஒன்று வைத்திருந்தார். ஊர்த்தெருவின் முனை வந்ததும் இறங்கிவிடுவார், மறுமுனைவரை தள்ளிக்கொண்டே நடப்பார், பிறகு ஏறுவார். அவருக்குக் கால் இரண்டும் நன்றாகவே இருந்தன. நடமாட்டத்திற்குத் தடை உடலில் மட்டும் இருப்பதில்லை, தெருவிலும் இருக்கும் என்பதை அந்த வயதிலேயே நான் கண்டேன். இங்கே அமர்ந்திருக்கும் பெரியவர்களில் பலரும் கண்டிருப்பீர்கள்.

அண்ணல் அம்பேத்கர் அவர்களின் வாழ்வில் 1929ஆம் ஆண்டு நிகழ்ந்த ஒன்றை அவரே எழுதி வைத்திருக்கிறார். பம்பாய் அரசு அமைத்த குழுவின் உறுப்பினராகச் சுற்றுப்பயணம் சென்றிருந்தவர், சாலிஸ்காவ் என்னும் ஊரில் இறங்கினார். அவரை ஏற்றிச் செல்லக் குதிரைவண்டிக்காரர் ஒருவரும் இசையவில்லை. சேரி மக்கள் வண்டியை மட்டும் வாடகைக்குப் பெற்று, தங்களில் ஒருவரையே ஓட்டச் செய்தார்கள். அவருக்கு ஓட்டிப் பழக்கமில்லை. ஆற்றுப் பாலத்தில் சக்கரம் கற்களிடையே சிக்கிக்கொள்ள, அண்ணல் கல்தளத்தில் தூக்கி எறியப்பட்டார். கால் எலும்பு முறிந்தது. பல நாள் நடக்க இயலாதவராய் இருந்தார். சாதி ஒரு மனிதனின் காலை எப்படி முறிக்கும் என்பதற்கு இதைவிட நேரடியான சான்று வேண்டியதில்லை. நம் இயக்கத்தின் தலைவரே சில காலம் அப்படிக் கிடந்தவர் என்பதை, கால் ஊன்ற இயலாத நம் பிள்ளைகளிடம் நாம் ஏன் சொல்வதில்லை?

நல்ல காட்சியும் உண்டு. 1991, 92ஆம் ஆண்டுகளில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு மிதிவண்டியையும் பெண்களுக்குக் கற்பித்தது. கல் உடைக்கும் பெண்களும் வயல்வேலைப் பெண்களும் பெருந்திரளாகக் கற்றுக்கொண்டார்கள். எழுத்துக்கும் சக்கரத்துக்கும் உள்ள உறவை அவர்களிடம் யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இனி நம் வீட்டுக்கு வருகிறேன். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடிப் பேர் எனப் பதிவாயிற்று. மக்கள்தொகையில் இது 2.21 விழுக்காடு. பட்டியல் சாதியினரிடையே மட்டும் 2.45 விழுக்காடு. நம்மிடம் ஏன் கூடுதல் என்று கேட்டால், கல்குவாரியையும் பட்டாசுப் பட்டறையையும் பிள்ளைத்தாய்ச்சியின் வெறும் வயிற்றையும் கேளுங்கள் என்பேன். நான் பயின்ற நாளில் அரசுத் தாள்களில் 'ஊனமுற்றோர்' என்று எழுதினார்கள். இன்று 'மாற்றுத்திறனாளி' என்கிறோம். பெயர் மாறியது நன்றே. நமக்கும் எத்தனை பெயர்கள் மாறின! பெயர் மாறிய வேகத்தில் தெரு மாறவில்லை என்பதையும் நாம் அறிவோம்.

சட்டம் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடு உள்ள பிள்ளைக்கு 6 வயது முதல் 18 வயதுவரை இலவசக் கல்வி உரிமை. அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 விழுக்காட்டுக்குக் குறையாமல் இடம். அரசு வேலையில் 4 விழுக்காட்டுக்குக் குறையாமல் இடம். நம் இளைஞர்களுக்குப் பட்டியல் சாதி ஒதுக்கீடு மனப்பாடம். இது பலருக்குத் தெரியாது. தெரியாததனால் மருத்துவச் சான்று பெறுவதில்லை. சான்று இல்லாததனால் உரிமையும் இல்லை.

என் பள்ளியில் பத்தாம் வகுப்புத் தேறி, நகரத்து மேல்நிலைப் பள்ளியில் சேர்ந்த மாணவி ஒருத்தி. பிறவியிலேயே வலக்கால் வலுவற்றவள். பதினோராம் வகுப்பில் அரசின் விலையில்லா மிதிவண்டி அவளுக்கும் கிடைத்தது. 2001ஆம் ஆண்டளவில் நம் இனத்துப் பெண்பிள்ளைகளுக்கெனத் தொடங்கி, பின்னர் எல்லா மாணவருக்கும் விரிந்த நல்ல திட்டம் அது. ஆனால் எல்லார்க்கும் ஒரே வண்டி. அவளால் ஏற இயலவில்லை. அண்ணன் அதில் சந்தைக்குச் சென்று வந்தான். அவளோ இரண்டு பேருந்து மாறிச் சென்றாள். தவறிய நாளில் வீட்டில் இருந்தாள். பிறகு கடைத்தெருவில் மிதிவண்டி பழுதுபார்க்கும் நம் பையன் ஒருவன், யாரும் சொல்லாமலே, பின்சக்கரத்துக்கு இருபுறமும் சிறு துணைச்சக்கரம் பொருத்தினான். இடப்புற மிதியில் தோல்வார் தைத்தான். இருக்கையைத் தாழ்த்தினான். ஒரு வாரம் மாலை வேளைகளில் பின்னே ஓடினான். இப்போது அவள் ஓட்டுகிறாள். அவன் எட்டாம் வகுப்போடு நின்றவன். அந்த ஐதராபாத்து அறக்கட்டளை செய்ததைத்தான் அவனும் தன் பட்டறையில் செய்தான். அவனை இன்று மேடைக்கு அழைத்தேன். கடையை மூட முடியாது என்று சொல்லிவிட்டான்.

இப்போது என் விண்ணப்பம். நம் சங்கத்தின் உதவித்தொகை விதிப்படி மாணவர் மாதந்தோறும் இரண்டாம் ஞாயிறன்று நேரில் வந்து கையொப்பமிட்டுத் தொகையைப் பெற வேண்டும். வருகைப் பதிவு நூற்றுக்கு 85க்குக் குறையக் கூடாது. இந்த விதிகளை வகுத்த பெரியோர்களை நான் குறை சொல்ல மாட்டேன். தொகை பிள்ளையின் கையில்தான் சேர வேண்டும், இடையில் வேறு கைக்குப் போய்விடக் கூடாது என்ற கவலையில் பிறந்தவை அவை. ஆனால் அந்த மாணவி சென்ற ஆண்டு உதவித்தொகையை இழந்தது மதிப்பெண்ணால் இல்லை, வருகைப் பதிவால். மாணவர் விடுதியின் நூலகம் மாடியில் இருக்கிறது, படிக்கட்டு பதினெட்டு. கீழே இருப்பது பழைய நாற்காலிகள் அடைத்த அறை. நாற்காலிகள் மாடி ஏறட்டும், புத்தகங்கள் இறங்கட்டும் என்கிறேன். செலவு ஒரு நாள் கூலி.

வருகை விதியில் மருத்துவச் சான்றுள்ள பிள்ளைகளுக்கு விலக்கு வேண்டும். தொகையை அவர்களுடைய வங்கிக் கணக்கிலேயே செலுத்த வேண்டும். நூலகம் கீழே வர வேண்டும். சான்று பெறுவதற்கு மாவட்ட மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல நம் இளைஞர்களில் இருவர் பொறுப்பேற்க வேண்டும். இவற்றை எழுதிக் கடிதமாகச் செயலாளர் அவர்களிடம் நேற்றே சேர்த்துவிட்டேன். செயற்குழு வரும் ஞாயிறு கூடுகிறது.

கடிதத்தோடு ஒரு பட்டியலும் இணைத்திருக்கிறேன். சுற்றியுள்ள நம் குடியிருப்புகளில் நான் நேரில் சென்று கண்ட ஏழு பிள்ளைகளின் பெயர், வயது, தெரு அதில் இருக்கின்றன. ஏழாவது பெயர் ஒரு சிறுவனுடையது; வயது 9. இதுவரை எந்தப் பள்ளியிலும் சேர்க்கப்படாதவன். அவன் வீடு இந்த மண்டபத்திலிருந்து நடந்து செல்லும் தொலைவில்தான் இருக்கிறது. கூட்டம் முடிந்ததும் நானும் விடுதிக் காப்பாளரும் அங்கே செல்கிறோம். உடன் வர விரும்பும் இளைஞர்கள் வாசலில் வந்து நிற்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.